யாழ்ப்பாண டவுனுக்குள்ள நிக்கிற பழைய கிளப் கட்டிடம்: ஓட்டில 1865 எண்டு கிடக்கு, உண்மையில எப்ப கட்டினது?

11.08.2024, கொக்குவில் தம்பி கேட்டது

ஆஸ்பத்திரி வீதியால வந்து ஒழுங்கைக்குள்ள திரும்பினா மேல்மாடி விறாந்தையோட இடிஞ்ச கட்டிடம் ஒண்டு நிக்குதல்லோ, சுவரில அரசமரம் வேர் விட்டபடி. நேற்றையான் சோழகக் காத்துக்கு ஓடு ஒண்டு கழண்டு விழுந்தது, எடுத்துப் பாத்தா பின்பக்கத்தில இங்கிலீசு எழுத்தும் 1865 எண்டும் இருக்கு. சில பேர் ஒல்லாந்தற்ர கட்டிடம் எண்டினம், சில பேர் பழைய ஆஸ்பத்திரி எண்டினம். ஆருக்கும் வடிவாத் தெரியுமோ?

11.08.2024, இரவு

தெரியும் தம்பி. ஆஸ்பத்திரி இல்லை, அது கிளப் கட்டிடம். கிளப்புக்கெண்டே காணி வாங்கி, கிளப்புக்கெண்டே கட்டினது. என்ர அப்பா அதில மெம்பரா இருந்தவர். கிளப்பின்ர பேரை இஞ்சை போடமாட்டன், காணி விசயம் கோட்டில நிக்குது, பழைய ஆக்களின்ர பிள்ளையளும் இருக்கினம்.

ஒல்லாந்தர் கதையை விடுங்கோ. அவையள் 1658 இல யாழ்ப்பாணத்தைப் பிடிச்சு 1795 இல இங்கிலீசுக்காரனிட்டக் குடுத்திட்டுப் போனவை. 1865 எண்டா டைக் துரை இஞ்சை இங்கிலீசு அரசாங்கத்தின்ர ஏசன்டா, நிர்வாகியா இருந்த காலம், அவர் 1829 தொடங்கி 1867 இல சாகும் வரைக்கும் இஞ்சை இருந்தவர். வேல்ஸ் இளவரசர் 1875 இல இலங்கைக்கு வந்த ஞாபகத்துக்குக் கட்டின மணிக்கூட்டுக் கோபுரத்தை விடவும் மூப்பு. அப்பிடிப் பாத்தா டவுனுக்குள்ள மிஞ்சி நிக்கிற ஆகப் பழைய கட்டிடங்களில இதுவும் ஒண்டு. ஓட்டைக் கவனமா வையுங்கோ, எறிஞ்சு போடாதேங்கோ.

12.08.2024

இரவு நித்திரை வரேல்லை, ஞாபகம் வந்ததை எழுதி வைக்கிறன். 1968, 69 ஆ இருக்கவேணும், எனக்கு ஏழெட்டு வயசு. வெள்ளிக்கிழமை பின்னேரம் அப்பா கந்தோர் முடிஞ்சு வந்து என்னைச் சைக்கிள் பாரில ஏத்திக்கொண்டு கிளப்புக்குப் போவார். பிள்ளையள் உள்ளுக்குப் போக ஏலாது, முன் படியிலதான் இருக்கவேணும். மூண்டு படி, கறுத்தக் கல்லு, நடுவில தேஞ்சு குழிஞ்சு போய் இருக்கும், அந்தக் குழிக்குள்ள என்ர குண்டி சரியா அடங்கும். மேல 304 எண்ட சீட்டு விளையாடுற சத்தம் கேக்கும், துரும்பு வெட்டினா மேசையில அடிக்கிற அடி கீழ வரைக்கும் கேக்கும். உள்ள போத்தல் சத்தம், சுருட்டு மணம், யன்னலால பச்சைத் துணி விரிச்ச பெரிய மேசையின்ர ஒரு மூலை தெரியும், அவ்வளவுதான். வெள்ளைச் சேட்டுப் போட்ட ஒருத்தர் பக்கத்தால சுத்தி வந்து எனக்கு ஒரேஞ் பார்லி போத்தலொண்டு தருவார், முன் கதவால வரமாட்டார். அந்த ஆளின்ர பேர் அப்ப எனக்குத் தெரியாது, கேக்கவும் இல்லை.

12.08.2024, பின்னேரம்

கனடாவில இருந்து ஒரு அண்ணை கேக்கிறார், 304 எண்டு ஏன் பேர் வந்ததெண்டு. ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, கிங் 3, குயின் 2. கூட்டினா 76. நாலு வகைக் காட்ஸ், நாலால பெருக்கிப் பாருங்கோ.

15.08.2024

நான் எழுதினது பிழை. 1865 ஐ வைச்சுக் கட்டிடத்தின்ர வயசு சொல்ல ஏலாது.

நேற்றுத் தம்பி ஓட்டைக் கொண்டு வந்து தந்தவர். புளியும் தும்பும் போட்டுத் தேச்சுக் கழுவி வெயிலில வைச்சுப் பாத்தன். பாசல் மிஷன் டைல் வேர்க்ஸ், மங்களூர், 1865 எண்டு வடிவாத் தெரியுது. பாசல் மிஷன் எண்டது சுவிஸ் ஜெர்மன் பாதிரிமாற்ர சபை. அவையள் மங்களூரில நேத்திராவதி ஆத்துக் களிமண்ணை எடுத்து ஓட்டுத் தொழிற்சாலை துவங்கின வருசம்தான் 1865, பிளெப்ஸ்ட் எண்டொருத்தர் துவக்கினது. அந்த வருசத்தைப் பிறகு வந்த ஓட்டிலயும் அச்சில குத்திக்கொண்டேதான் இருந்தவை, கடைப் பலகையில ‘ஸ்தாபிதம்’ எண்டு போடுறமே அது மாதிரி. 1865 இல செய்த ஓட்டிலயும் 1865, 1905 இல செய்த ஓட்டிலயும் 1865. ஊரில எத்தினை வீட்டில இந்த ஓட்டைப் பாத்து ‘எங்கட பூட்டன் கட்டின வீடு, 1865’ எண்டு சொல்லுறதைக் கேட்டிருக்கிறன், எங்கட வீட்டிலயும் சொன்னவை, நான் நம்பித்தான் வளந்தனான்.

அப்ப எப்ப கட்டினது? இனித்தான் பாக்கவேணும். முப்பது வருசம் கட்டிடப் படம் கீறிற வேலை பாத்தனான், அளவு நாடா இன்னும் கிடக்கு.

18.08.2024

இண்டைக்குத் தம்பியோட போனனான். வடக்கு மூலைக் கூரை இல்லை, அங்காலைப் பக்கம் விழுந்து கிடந்த ஓட்டில பதினெட்டைப் பிரட்டிப் பாத்தம். பதினொண்டு பாசல் மிஷன். ஆறில ஒண்டும் வாசிக்க ஏலாது. ஒண்டில கொமன்வெல்த் டிரஸ்ட் எண்டு இருக்கு. அது முக்கியம். முதலாம் உலக யுத்தத்தில ஜெர்மன்காரரின்ர சொத்தெண்டு இங்கிலீசு அரசாங்கம் பாசல் மிஷன் தொழிற்சாலையளை எடுத்தது, யுத்தம் முடிய அதை நடத்தக் குடுத்தது கொமன்வெல்த் டிரஸ்டுக்கு. அப்ப அந்த ஒரு ஓடு 1919 க்கு முந்தி இருக்க வழியில்லை. கூரை முழுக்க அந்த நேரத்துதோ, இல்லாட்டி பிறகு ரிப்பேருக்குப் போட்டதோ எண்டு ஒரு ஓட்டை வைச்சு முடிவு சொல்லமாட்டன், ஒருக்கா அவசரப்பட்டது காணும்.

கீழ் மண்டபத்துக்குக் குறுக்கால இரும்புத் தீராந்தி (உத்தரம்) ரண்டு போகுது. கறள் பிடிச்சுப் பொருக்கு விட்டிருக்கு, ஆனா நடுவில புடைச்ச எழுத்து நிக்குது. டோர்ச் லைற்றைச் சரிச்சுப் பிடிச்சாத்தான் தெரியும், நேர அடிச்சாத் தெரியாது. டோர்மன் லாங், மிடில்ஸ்பரோ. சிட்னி துறைமுகப் பாலத்தைக் கட்டின கொம்பனி. 1875 அளவில துவங்கின கொம்பனி, ஆகவே 1865 கதை இதிலயும் அடிபட்டுப் போச்சு. இவ்வளவு நீட்டு இரும்பு கப்பலில காங்கேசன்துறைக்கோ ஊர்காவற்றுறைக்கோ வந்திருக்கலாம், கொழும்பில இருந்து ரெயிலிலயும் வந்திருக்கலாம். கொழும்பு ரெயில் யாழ்ப்பாணத்துக்கு ஓடத் துவங்கினது 1905 இல.

என்ர கணக்கு இப்போதைக்கு இதுதான்: 1905 க்கும் 1925 க்கும் இடையில. ஆரும் வேற விதமா நினைச்சா காரணத்தோட சொல்லுங்கோ.

18.08.2024, இரவு

விட்டுப்போச்சு. பின்னால இருக்கிற கக்கூசுக் கட்டிடம் சீமெந்துக் கல்லு, அது காங்கேசன்துறை சீமெந்து ஆலை 1950 இல வேலை துவங்கின பிறகுதான் இருக்கும். பிரதான சுவர் எல்லாம் முருகைக்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். ஒரு இடத்தில சாந்து பெயந்து கிடக்கு, நகத்தால கீறினா மா மாதிரி வராது, கல்லு மாதிரி நிக்குது. சுண்ணாம்பைச் சூளையில சுட்டு, நீத்தி, மணலோட அரைச்சு நாள்க்கணக்கில புளிக்க விட்டுப் பூசின சாந்து. இப்ப சீமெந்து பூசின சுவர் பத்து வருசத்தில வெடிக்குது, அது வேற கதை.

மேல்மாடி வளையும் சிலாகையும் பனை. தேக்கு எண்டு நினைச்சு வந்த ஆக்கள் ஏமாந்திருக்கவேணும், அதாலதான் தப்பியிருக்குப் போல. வைரம் பாய்ஞ்ச கறுத்தப் பனை, ஆணி இறங்காது. நூறு வருசமாக் கறையான் தொடேல்லை.

25.08.2024

சுண்டுக்குளி அக்கா கேட்டவ, அந்தக் காலத்தில யாழ்ப்பாணத்தில ஏன் கிளப் வேண்டிக் கிடந்ததெண்டு. நல்ல கேள்வி, கொஞ்சம் விரிவா எழுதுறன்.

கொழும்பில 1871 இல துவங்கின கொழும்புக் கிளப்பில வெள்ளைக்காரர் மட்டும்தான். எங்கட ஆக்கள் எவ்வளவு படிச்சிருந்தாலும், நீதவானா இருந்தாலும் வாசல் தாண்ட ஏலாது. அந்தக் கோவத்தில 1894 இல இலங்கை ஆக்கள் தங்களுக்கெண்டு ஓரியன்ட் கிளப்பைத் துவக்கினவை. 1899 இல தமிழ் யூனியன் கிளப். இஞ்சையும் அதே மாதிரித்தான். புரொக்டர்மார் எண்ட சட்டத்தரணிமார், டொக்டர்மார், கச்சேரி எண்ட அரசாங்கக் கந்தோர் உத்தியோகத்தர், மலாயாவில உழைச்சுப் பென்சனோட திரும்பி வந்த ஆக்கள், இவையளுக்குப் பின்னேரத்தில இருந்து கதைக்க ஒரு இடம் வேணும். கோயில் வீதியில இருந்து சீட்டு விளையாட ஏலாது, வீட்டு விறாந்தையில விளையாடினா மனிசி விடாள். இங்கிலீசுப் பேப்பர் ஒருத்தர் வாங்கினா விலை கூட, பத்துப் பேர் சேர்ந்தா ஒரு வாசிப்பறையே வைக்கலாம். அப்பிடித்தான் காசு சேத்துக் காணி வாங்கி மேல்மாடிக் கட்டிடம் எழும்பினது. வெள்ளைக்காரன் எங்களைச் சேக்கேல்லை எண்டு நாங்கள் எங்கட கையால கட்டினது எண்டு அப்பா நெஞ்சை நிமித்திச் சொல்லுவார். எனக்கும் அதில பெருமை இருந்தது.

27.08.2024

மேல இருக்கிற குறிப்பை ரண்டு நாளா யோசிச்சுக்கொண்டிருக்கிறன். தனி மடலில ஒருத்தர் எழுதியிருக்கிறார். பேர் போட வேண்டாம் எண்டவர், எழுதினதைச் சொல்லலாம் எண்டவர். அவற்ர அப்பப்பா இருபத்தஞ்சு வருசம் அந்தக் கிளப்பில மார்க்கரா, பில்லியட்ஸ் மேசையைப் பாத்துக் கணக்குச் சொல்லுற ஆளா, வேலை செய்தவர். ‘நாங்கள் எங்கட கையால கட்டினது எண்டு எழுதியிருக்கிறியள், அந்த நாங்களுக்குள்ள என்ர அப்பப்பா இருக்கிறாரோ?’ எண்டு கேட்டிருக்கிறார்.

இல்லை. இருக்கேல்லை.

நான் பின் பக்கத்தில ஒரு சுருள் இரும்புப் படி பாத்தனான், 18 ஆம் திகதி. அளந்தும் வைச்சனான், அகலம் ரண்டடிக்கும் குறைய. வடிவான வேலைப்பாடெண்டு தம்பிக்குக் காட்டினனான். அது ஆர் ஏறி இறங்கினதெண்டு யோசிக்கேல்லை. முன்னால இருக்கிற மரப்படி மெம்பர்மாருக்கு. மேல தேத்தண்ணி கொண்டு போற ஆள், விளக்குத் துடைக்கிற ஆள், பின் ஒழுங்கையால வந்து வாளிக் கக்கூசு எடுக்கிற ஆள், எல்லாருக்கும் அந்தச் சுருள் படியும் பின் கேற்றும்தான். அவற்ர அப்பப்பாவுக்குத் தேத்தண்ணி தனிப் போத்தலில. அந்தப் போத்தல் பின் சுவர் மாடத்தில இருக்கும், அவரே கழுவி அவரே வைக்கவேணும். மாடம் இப்பவும் இருக்கு, நான் அதைச் சாமி மாடம் எண்டு படத்தில எழுதி வைச்சிருந்தனான். இண்டைக்கு அழிச்சிட்டன்.

சாதி பாத்து ஆக்களைத் தடுக்கக் கூடாதெண்டு 1957 இல சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்தது. 1968 இல மாவிட்டபுரத்தில ஒடுக்கின சாதி ஆக்களுக்கும் கோயில் கதவைத் திறக்கச் சொல்லிப் போராட்டம் நடந்தது. அதே 68 இல நான் முன் படியில இருந்து ஒரேஞ் பார்லி குடிச்சுக்கொண்டிருந்தனான். போத்தலைக் கொண்டு வந்து தந்த வெள்ளைச் சேட்டு ஆள் அவற்ர அப்பப்பாவாத்தான் இருக்கவேணும், காலம் பொருந்துது.

வெள்ளைக்காரன் பூட்டின கதவுக்கு முன்னால நிண்டு கோவப்பட்ட ஆக்கள், தங்கட கதவைக் கட்டினவுடன அதே பூட்டைப் போட்டிட்டினம். இதை எழுதாமல் கட்டிடத்தின்ர சரித்திரம் எழுத ஏலாது. தீராந்தியும் ஓடும் மட்டும் எழுதினா அரைவாசிதான்.

28.08.2024

சில பேர் ‘பழசைக் கிளறாதேங்கோ’ எண்டு எழுதினம். மாடம் சுவரில இருக்கு. கிளறினது நான் இல்லை.

01.09.2024

அம்மாவிட்டக் கேட்டனான். 87 வயசு, ஞாபகம் நல்லா இருக்கு. கிளப்பில ஆள் சேக்கிறதெண்டா ஒரு மரப்பெட்டி வைப்பினம், கை போற மாதிரி ஓட்டை. ஒவ்வொருத்தரும் வெள்ளைக் குண்டோ கறுப்புக் குண்டோ போடவேணும், ஆர் எதைப் போட்டதெண்டு ஒருத்தருக்கும் தெரியாது. கறுப்பு விழுந்தா ஆள் இல்லை.

அப்பாவுக்கு முதல் முறை கறுப்பு விழுந்ததாம். எனக்கு இது தெரியாது, அம்மா இவ்வளவு காலமும் சொல்லேல்லை. கிளாக் எண்டதால. கோட்டுப் போட்டுக்கொண்டு போய் வாசலில நிண்டு, செக்கிரட்டரி வெளியில வந்து மெல்லமாச் சொல்ல, சைக்கிளை உருட்டிக்கொண்டே வீட்டை வந்தவராம், ஏறி ஓடேல்லையாம். இரவு சாப்பிடேல்லையாம். நாலு வருசத்துக்குப் பிறகுதான் எடுத்தவை.

‘பிறகு அப்பா மற்ற ஆக்களுக்குக் கறுப்புப் போட்டவரோ அம்மா?’ எண்டு கேட்டன். அம்மா கனநேரம் பேசேல்லை. பிறகு சொன்னா, ‘அவையளுக்கு கேக்கவே விடேல்லையே தம்பி, பிறகெங்க கறுப்பு வெள்ளை?’

அப்பாவில எனக்குப் பாசம் குறையேல்லை. ஆனா அவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்த அந்த இரவை ஞாபகம் வைச்சிருந்திருப்பார்தானே, அது இருந்தும் ஒரு சொல்லுச் சொல்லேல்லையே எண்டு நினைக்க அந்தரமா இருக்கு.

08.09.2024

வாசிப்பறையைப் பற்றி. மேல்மாடி மேற்கு அறை, மூண்டு யன்னல், நீட்டுக் கால் வைக்கிற கதிரை போட்ட தடம் நிலத்தில இருக்கு. சிவத்த சீமெந்து நிலம், மன்சன் பொலிஷ் போட்டுப் போட்டு இண்டைக்கும் தண்ணி ஊத்தினா மினுங்குது.

இதே ஆஸ்பத்திரி வீதியிலதான் 1934 ஆகஸ்டில ஒரு வாடகை அறையில பொது நூலகம் துவங்கினது. அதுக்கு முதல் வருசம் செல்லப்பா எண்டவர் தன்ர வீட்டில துவங்கின வாசிப்பிடம் அது. 844 புத்தகம், முப்பது அளவில பேப்பரும் சஞ்சிகையும். அது எல்லாருக்கும் எண்டு திறந்தது. அதே வீதிப் பக்கம், அதே காலம், ஒரு அறையில அங்கத்தவர் மட்டும் பேப்பர் வாசிக்கினம், மற்ற அறையில ஆரும் போய் வாசிக்கலாம். அந்த வாடகை அறைதான் வளந்து 1959 இல வெள்ளைக் கட்டிடமா எழும்பி, 1981 ஜூன் 1 இரவு 97,000 புத்தகத்தோட எரிஞ்சது. எரிஞ்ச பிறகும் திரும்பக் கட்டினம், உலகம் முழுக்க இருந்து புத்தகம் வந்தது. கிளப் எரியேல்லை, ஆரும் கை வைக்கேல்லை, ஆனா திரும்பக் கட்ட ஒருத்தரும் வரேல்லை. ஆர் வாறது?

15.09.2024

யுத்த காலத்தைப் பற்றிக் கேட்ட ஆக்களுக்கு. சுருக்கமா எழுதுறன், எல்லாரும் பட்டதுதான்.

83 க்குப் பிறகு மெம்பர்மார் ஒவ்வொருத்தரா வெளிநாடு. 87 ஒக்டோபரில டவுன் முழுக்கச் சண்டை, தீபாவளி அண்டு இந்திய ஆமி ஆஸ்பத்திரிக்குள்ள புகுந்து ஆக்களைச் சுட்டது உங்களுக்குத் தெரியும், அந்தக் கிழமைதான் வடக்கு மூலைக்கு ஷெல் விழுந்தது. 90 ஜூனில ரெயில் நிண்டது, கரண்ட் நிண்டது. 91 தொடக்கம் கீழ் மண்டபத்தில டியூட்டரி நடந்தது, ஜாம் போத்தல் விளக்கில பொடியள் கணக்குப் படிச்சவை. தகரத்தை அடிச்சு பில்லியட்ஸ் அறையை ரண்டாப் பிரிச்சவை. அந்தக் காலத்தில ஆர் வேணுமெண்டாலும் முன் கதவால போனவை. என்ர தங்கச்சியும் அதிலதான் ஏ எல் படிச்சவ. அவ சொன்னா, சுவரில ‘அங்கத்தவர் மட்டும்’ எண்ட பித்தளைத் தகடு அப்பவும் இருந்ததாம், அதுக்குக் கீழ பொடியள் சைக்கிள் சாத்தி வைக்கிறவையாம்.

95 ஒக்டோபர் 30 எல்லாரும் நாவற்குழிப் பாலத்தால வெளிக்கிட்டம். 96 இல திரும்பி வந்து பாக்க, கதவு நிலை இல்லை, மேசை இல்லை, கூட்டக் குறிப்புப் புத்தகம் ஒண்டும் இல்லை.

22.09.2024

பில்லியட்ஸ் மேசை. முந்தி எழுத மறந்திட்டன்.

கீழ் மண்டப நிலத்தில எட்டு வட்டத் தடம் இருக்கு, நாலு நாலா ரண்டு வரி. முழு அளவு மேசைக்கு எட்டுக் கால், நீளம் 12 அடி, அகலம் 6 அடி. மரப்பலகைக்குக் கீழ ஸ்லேட் கல்லு ஐந்து துண்டு, பாரம் ஒரு தொன்னுக்கு மேல. அதாலதான் கீழ வைச்சவை, பனை வளை அதைத் தாங்காது. தடத்துக்குக் கீழ நிலத்தைத் தட்டினா சத்தம் வேற, மற்ற இடத்தில பொள்ளல், அந்த எட்டு இடத்திலயும் இறுக்கம். கட்டும்போதே மேசைக்கெண்டு கல்லுத் தூண் எழுப்பியிருக்கினம். அப்ப மேசை பிறகு வந்ததில்லை, கட்டிடத்தோட திட்டத்திலயே இருந்தது.

24.09.2024

ஒரு திருத்தம். மேல எழுதினதில ‘மரப்பலகைக்குக் கீழ ஸ்லேட்’ எண்டது பிழை. துணிக்குக் கீழ நேர ஸ்லேட், ஸ்லேட்டுக்குக் கீழதான் மரச்சட்டம். மார்க்கரின்ர பேரன் திருத்தினவர். தொடர்ந்து எழுதினவர், அதை அப்பிடியே சொல்லுறன்.

அப்பப்பா பின்னேரம் மூண்டு மணிக்குப் போய் முதல் வேலை துணியைத் துலக்கிறது, பிறகு சிரட்டைக்கரி இஸ்திரிப்பெட்டி பிடிக்கிறது. பெட்டியை முதல்ல பேப்பரில வைச்சுப் பாப்பாராம், பேப்பர் மஞ்சளாகினா சூடு கூட. துணிக்கு ஒரு மயிர்ப்பக்கம் இருக்கு, ஒரு திசைக்குத்தான் பிடிக்கவேணும், திரும்பி இழுத்தா குண்டு நேரா ஓடாது. பிறகு இரவு வரைக்கும் நிண்டபடி கணக்குச் சொல்லுறது. மெம்பர்மார் பிந்தி வந்தா, முந்தி வந்த ஆள் ‘வாடாப்பா ஒரு கை’ எண்டு கூப்பிடுவினம். கட்டிடத்திலயே நல்லா விளையாடினது அவர்தானாம், ஆனா தோத்துக் குடுக்கவேணும். எவ்வளவால தோக்கிறதெண்டு கணக்குப் பாத்துத் தோக்கிறது வெல்லுறதை விடக் கஷ்டமெண்டு வீட்டில சொல்லுவாராம்.

நான் அங்கத்தவர் மட்டும்தான் விளையாடினவை எண்டு நினைச்சிருந்தனான். அதையும் திருத்துறன்.

06.10.2024

காணி விசயம், கேட்ட ஆக்கள் கனபேர் எண்டபடியால். உறுதி பாத்தனான், நாலு பரப்பு, ஏக்கரில கால்வாசி. கிளப்பெண்டு உறுதி எழுத ஏலாது, அதால மூண்டு டிரஸ்டிமாற்ர பேரில எழுதியிருக்கு. மூண்டு பேரும் செத்துப் போச்சினம். புதுசா ஆரையும் போடேல்லை. பிள்ளையள் மூண்டு நாட்டில. இதுக்குள்ள ஒருத்தர் பத்து வருசத்துக்கு மேல தான் ஆண்டு வாறன் எண்டு ஆட்சி உரிமை கேக்கிறார், இடிச்சுக் கடைத்தொகுதி கட்டுற யோசனை. 2016 ஆம் ஆண்டு 5 ஆம் இலக்கச் சட்டம் ஒண்டு இருக்கு, 1983 மே 1 தொடங்கி 2009 மே 18 வரைக்கும் யுத்தத்தால தன்ர காணிக்கு வர ஏலாமல் போன ஆளுக்கு எதிரா அந்தக் காலத்தைப் பத்து வருசக் கணக்கில சேக்க ஏலாதெண்டு. இது எவ்வளவுக்கு இஞ்சை உதவுமெண்டதை சட்டத்தரணிமார் பாக்கட்டும். உறுதியில வருசம் 1921. நான் சொன்ன 1905, 1925 க்குள்ள வருது, கொமன்வெல்த் டிரஸ்ட் ஓடும் ரிப்பேர் ஓடில்லை எண்டு இப்ப நினைக்கிறன். பாசல் மிஷன் ஓடுதான் ஆற்றையோ இடிச்ச வீட்டில இருந்து வாங்கிப் போட்ட பழைய ஓடு.

20.10.2024

மார்க்கரின்ர பேரன் வீட்டை வரச் சொன்னவர். கிளப்புக்குப் பின் மதிலில இருந்து நூறு யார் வராது. தேத்தண்ணி தந்தவை, நல்ல பிளேன்ரி, பனங்கட்டியோட. கதைச்சு முடிய, ‘கிணத்தடியை ஒருக்காப் பாருங்கோ ஐயா’ எண்டவர்.

தோய்க்கிற கல்லு. நீலம் கலந்த சாம்பல், அவ்வளவு அழுத்தம், ஊர்க் கல்லு இல்லை. ஓரத்தில வரிசையா ஓட்டை, பித்தளை ஆணி ஒண்டு இன்னும் ஒரு ஓட்டைக்குள்ள இருக்கு. சவுக்காரம் காஞ்சு வெள்ளையாப் படிஞ்சிருந்ததை அவற்ர மனிசி ஒரு செம்புத் தண்ணி ஊத்திக் கழுவிவிட்டா. நாடா பிடிச்சன். நீளம் ஆறடிக்கு ஒரு விரல் கூட, அகலம் ரண்டடி ஐந்தங்குலம், தடிப்பு ரண்டங்குலத்துக்குக் கொஞ்சம் குறைய. 12 அடியை ஐந்தாப் பிரிச்சா வாற கணக்கு.

96 இல திரும்பி வரேக்க ஒழுங்கையில ஐந்து துண்டும் கிடந்ததாம், மரத்தை ஆரோ கழட்டிக்கொண்டு போய்க் கல்லை எறிஞ்சிருக்கினம். ரண்டு உடைஞ்சு போச்சாம். அப்பப்பா அப்ப உயிரோட, 80 வயசு. பேரப்பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு போய் ஒரு துண்டை உருட்டுக்கட்டையில வைச்சு உருட்டிக் கொண்டு வந்தவராம். போடேக்க நீர்மட்டம் வைச்சுப் பாத்துத்தான் போட்டவராம். தோய்க்கிற கல்லுக்கு வாட்டம் வேணும், தண்ணி ஓட. வீட்டில எல்லாரும் சொல்லியும் கேக்கேல்லையாம்.

நான் என்ர நீர்மட்டத்தை எடுத்து வைச்சன். குமிழி நடுவில நிண்டது.

24.11.2024

மழை துவங்கீற்றுது. விழுந்து கிடந்த ஓட்டில முழுசா இருந்த நாப்பத்திரண்டையும் தம்பியும் நானும் கீழ் மண்டபத்துக்குள்ள அடுக்கிட்டம், எட்டுத் தடத்தையும் மறைக்காமல். அரசமரத்தை வெட்ட வேண்டாம் இப்போதைக்கு, வேர்தான் அந்தச் சுவரைப் பிடிச்சுக்கொண்டு நிக்குது. படம் கீறி முடிஞ்சுது, முன் படி, பின் படி, மாடம், மூண்டுக்கும் என்ன எண்டு எழுதியிருக்கு. மாடத்துக்குப் பக்கத்தில மார்க்கரின்ர பேரைப் போடலாமோ எண்டு பேரனிட்டக் கேட்டிருக்கிறன், வீட்டில கதைச்சுச் சொல்லுறன் எண்டவர். கல்லைப் படத்தில எங்க கீறிறதெண்டு இன்னும் முடிவெடுக்கேல்லை, கிளப்புக்குள்ளயோ அவையின்ர கிணத்தடியிலயோ. கிணத்தடியிலதான் எண்டு நினைக்கிறன்.